கரிசல் காளைகளுக்கு ஒரு சொந்த ஊர்

ஒரு ஹாக்கி அணிக்கு மைதானம் தேடி அலைந்து பாருங்கள். மனிதர்கள் மேல் மிச்சம் மீதி இருக்கிற மரியாதையும் போய்விடும். எனக்குப் போய்விட்டது.

நான் எஸ்தர். கரிசல் காளைகள் அணியின் டாக்டர். தசைப்பிடிப்புக்கும் உடைந்த பல்லுக்கும் வைத்தியம் பார்க்கத்தான் சேர்ந்தேன். ஆனால் மைதானம் தேடும் குழுவிலும் என்னைப் போட்டார்கள். குழுவில் ஒரு பெண் இருந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு மைதானம் இருந்தது. மூடிப்போன நூற்பாலை ஒன்றின் பின்பக்கம், திறந்தவெளி. வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டுவது வாடிக்கையான பிறகு, இரண்டு ஆட்டங்களில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். உடனே லீக் நிர்வாகத்துக்குக் கருணை பொங்கியது. இனிமேல் கூரை போட்டுக் குளிரூட்டிய அரங்கத்தில்தான் ஆட்டம், அடுத்த சீசனுக்குள் அரங்கம் காட்டாத அணி கலைக்கப்படும் என்று அறிவித்தார்கள். நூற்பாலை இடத்தை வாங்கியவர் அதற்குள் வீட்டுமனைக்குக் கல் ஊன்றிவிட்டார். அணியே ஒரு வெயிலில் காணாமல் போகிற நிலைமை.

அணியின் முதலாளி கோதண்டபாணி. வரிசையாக இன்ஜினியரிங் காலேஜ் கட்டியவர். 'கல்வித் தந்தை' என்ற பட்டத்தைத் தன் செலவிலேயே விழா எடுத்துத் தனக்குக் கொடுத்துக்கொண்டவர். அவருக்கு ஹாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. கிரிக்கெட் அணி கட்டுபடியாகவில்லை, கபடி அணியை வேறு ஆள் வாங்கிவிட்டான், மிச்சம் இருந்தது நாங்கள். அவருடைய மருமகன் பிரணவ்தான் நிர்வாகம் பார்த்தான். ஒரு வாக்கியத்தில் நாலு தடவை 'பிராண்ட்' என்று சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

நாங்கள் பார்க்காத இடம் இல்லை. மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் பெரிய மனதோடு ஹாலைக் கொடுக்க முன்வந்தார். முகூர்த்த நாளில் மட்டும் ஆட்டம் கூடாது, கோல் போஸ்ட்டை மணமேடைக்கு நேராக வைக்கக் கூடாது என்று நிபந்தனை. கோயம்புத்தூரில் ஒரு வணிக வளாகத்தின் மொட்டைமாடியைக் காட்டினார்கள். திருச்சிப் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலை. அங்கே உள்ளே போனதும் பிரணவ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், இதுல ஒரு ராவான பீல் இருக்கு," என்றான். கடைசியில் ஓசூரை அடுத்த சூளகிரியில், நொடித்துப்போன பேட்டரி ஸ்கூட்டர் ஆலை ஒன்று அகப்பட்டது. உயரமான கூரை, கண்ணாடிச் சுவர், நல்ல குளிர். ஒரு சீசனுக்கு வாடகைக்கு.

ஆட்டக்காரர்கள் பாதிப் பேருக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் கோல்கீப்பர் சுடலைமணிதான் வாய்விட்டுச் சொன்னான். அவனுக்குக் கோவில்பட்டியில் மனைவி வேல்கனியும் ஏழு வயது மகள் தர்ஷிகாவும் இருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கால்பட்டையைக்கூடக் கழற்றாமல் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவன் அவன்.

"எங்க ஊர்ல நின்னா பந்து எங்க வருதுன்னு காலுக்கே தெரியும் டாக்டரம்மா. அந்தக் குளிர்ல போய் நின்னா நான் எவனோ மாதிரி நிப்பேன். பாத்துக்கோங்க."

அவன் சொன்னது உண்மை. சொந்த மைதானத்தில் ஆடுகிற அணிதான் அதிகம் ஜெயிக்கும் என்பது விளையாட்டுப் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குச் சொந்த மைதானம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. இதற்கும் பிரணவ் ஒரு தீர்வு வைத்திருந்தான். தீர்வின் பெயர் நிரஞ்சன். ஏதோ ஒரு மருந்துக் கம்பெனியின் ஆள். சட்டைப்பையில் சின்னதாக ஒரு தெளிப்பான் வைத்திருந்தான்.

"மேடம், சிம்பிளா சொல்றேன்," என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. "மூளைக்குள்ள 'இது என் இடம்'னு சொல்ற ஒரு மூலை இருக்கு. நாய் தன் தெருவுல குரைக்கிறதும், உங்க கோல்கீப்பர் தன் மைதானத்துல பாயறதும் அதனாலதான். அந்த மூலை சும்மா மாறாது. வருஷக்கணக்கா ஒரு இடத்துல இருந்தாத்தான் ஒட்டும். இந்த மருந்தை மூக்குல அடிச்சா கொஞ்ச நேரத்துக்கு அது இளகும். அந்த நேரத்துல எங்க நிக்கிறாரோ, என்ன பாக்குறாரோ, அது சொந்த ஊரா ஒட்டிக்கும்."

"ஏற்கனவே ஒட்டியிருக்கிற ஊர்?"

"அது கழண்டுரும். ஒரு நேரத்துல ஒண்ணுதான் மேடம். ஆனா நினைவெல்லாம் அப்படியே இருக்கும். அட்ரஸ் தெரியும், பேரு தெரியும், எல்லாம் தெரியும்."

"ஊர் மட்டும்தான் கழலுமா? ஊரில் இருக்கிற ஆட்கள்?"

அவன் பிரணவைப் பார்த்தான். பிரணவ், "டாக்டர், நாம மைதானத்தைப் பத்திப் பேசிட்டிருக்கோம்," என்றான்.

நான் எழுதிக் கொடுத்தேன், வேண்டாம் என்று. எழுதிக் கொடுத்ததை யாரும் படிக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்கு முன்னால் இரண்டே வழி வைத்தார்கள்: மருந்து, இல்லையென்றால் அணி கலைப்பு. ஹாக்கி மட்டையைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாதவர்கள் என்ன சொல்வார்கள்? எல்லோரும் சரி என்றார்கள். அவர்களே அதற்கு 'ஊர்மருந்து' என்று பெயரும் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள்.

திறப்பு விழா நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அரங்கத்தின் நடுவில் ஆட்டக்காரர்களை வட்டமாக நிறுத்தினார்கள். குடும்பத்தார் யாரும் வரக் கூடாது, கவனம் சிதறுமாம். வட்டத்தைச் சுற்றி மாமலை சிமெண்ட் கம்பெனியின் விளம்பரத் தட்டிகள். சிரிக்கிற யானைக்குட்டி ஒன்று சிமெண்ட் மூட்டையைத் துதிக்கையில் தூக்கிக்கொண்டு நிற்கும் படம், திரும்பின பக்கமெல்லாம். அவர்கள்தான் விழாச் செலவை ஏற்றிருந்தார்கள்.

நிரஞ்சன் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு தெளிப்பானோடு தயாராக நின்றான். அப்போது கோதண்டபாணி மாலையும் கழுத்துமாக உள்ளே வந்தார். பின்னால் அவருடைய கல்லூரி முதல்வர்கள் ஆறு பேர். ஐயாவுக்கு முதல் மரியாதை செய்யாமல் ஒரு செங்கல்கூட நடாத கூட்டம் அது. தெளிப்பானோடு ஒருவன் நிற்பதைப் பார்த்ததும் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பன்னீர். ஐயாவுக்குத் தெளிக்காமல் பையன்களுக்குத் தெளிக்கப் போகிறானே.

"முதல்ல ஐயாவுக்குப்பா," என்று ஒரு முதல்வர் நிரஞ்சனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"சார், இது அவருக்கு இல்ல சார். இது வந்து..."

"ஐயாவுக்கு இல்லாம அப்புறம் யாருக்குய்யா? மரியாதை தெரியாத ஆளா இருக்கியே."

கோதண்டபாணி கண்ணை மூடி, கன்னத்தை நீட்டி, கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார். முதல்வர் தானே தெளிப்பானை வாங்கி அடித்தார். மூச்சை நன்றாக உள்ளே இழுத்த கல்வித் தந்தை, "ஏம்பா, வாசனையே இல்லையே," என்றார். ஆறு முனைவர் பட்டக்காரர்கள் சுற்றி நின்று, அடுத்த தடவை நல்ல பன்னீராக வாங்கச் சொல்கிறோம் ஐயா என்று தலையாட்டினார்கள். அப்புறம் ஆட்டக்காரர்களுக்கு அடித்தார்கள்.

மருந்து வேலை செய்தது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சூளகிரியில் எங்களை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. சுடலைமணி கோல் வாயில் நின்றால் ஈகூட உள்ளே போகாது. வெளியூர் ஆட்டங்களில் மட்டும் எல்லோரும் சோர்ந்து கிடந்தார்கள். பேருந்து சூளகிரி அரங்கத்தைத் தாண்டினதும் வளர்ந்த ஆம்பிளைகள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். நொடித்துப்போன ஸ்கூட்டர் ஆலைக்காக.

கோதண்டபாணியும் வந்தார். முதலில் ஆட்டத்துக்கு வந்தார். அப்புறம் ஆட்டம் இல்லாத நாளிலும் வந்தார். சென்னையில் அவருக்கு நீச்சல் குளம் வைத்த மாளிகை. அங்கே தூக்கம் வரவில்லை, ஏதோ லாட்ஜில் தங்கியிருப்பது போல் இருக்கிறது என்று சொல்லிப் படுக்கையைச் சூளகிரிக்கே கொண்டுவரச் சொன்னார். காலியான அரங்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.

பிரணவுக்கு மாமனாரைப் பார்க்கப் பார்க்கக் கண் மின்னியது. "டாக்டர், தினமும் வர்றார். கூப்பிடாம வர்றார். வேற எங்கயும் போக மாட்டேங்கிறார். இதுதான் டாக்டர் லாயல்டி," என்றான். அன்றைக்கு அதை நான் வெறும் திமிராகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சீசனுக்கு நடுவே ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை விட்டார்கள். விடுமுறையில் வேல்கனி என்னைக் கூப்பிட்டாள். "டாக்டரம்மா, நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. போன்ல சொல்லத் தெரியல."

போனேன். இரண்டு அறை வீடு. சுடலைமணி வாசலை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். வெயில் கொளுத்தியது, ஆனால் சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும், வேற்றூரில் தெரிந்த முகத்தைப் பார்த்தவனாக எழுந்து வந்தான். அரங்கத்தில் புல்லுக்குத் தண்ணீர் சரியாக அடிக்கிறார்களா என்று கேட்டான்.

வேல்கனி என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "வீட்டுக்குள்ள சட்டையக் கழத்த மாட்டேங்காக டாக்டரம்மா. சாரம் கட்ட மாட்டேங்காக, பேண்டோடயே இருக்காக. தாகம் எடுத்தா, 'கொஞ்சம் தண்ணி கெடைக்குமா'ன்னு எங்கிட்டக் கேக்காக. பன்னெண்டு வருசமா எனக்குத் தெரியாம அடுக்களையில முறுக்கு எடுத்துத் திங்கிற மனுசன்."

"சண்டை போடுகிறாரா?"

"போட்டாத்தான் தேவலையே. அம்புட்டு மரியாதை. பிள்ளை மடியில ஏறி உக்காந்தா, தலையத் தடவிக் குடுத்துட்டு எறக்கி விட்டுருதாக. ஊரான் பிள்ளையத் தடவுற மாதிரி."

பிறகு சுவரைக் காட்டினாள். மாமலை சிமெண்ட் காலண்டர் ஒன்று தொங்கியது. சிரிக்கிற யானைக்குட்டி. "தெருமுக்குல சிமெண்டு கடையில இதப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாக. கேட்டு வாங்கிட்டு வந்து மாட்டியிருக்காக. காலையில எந்திரிச்சு அது முன்னாடி நின்னு கண்ணு கலங்குதாக. நான் கட்டுன பொண்டாட்டி இங்க நிக்கேன், யானையப் பாத்து அழுதாகளே. நீங்க என் புருசனுக்கு மருந்து வச்சுட்டீங்கள்லா?"

புருஷனை மயக்கச் சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று பெண்கள் சொல்வதைக் கேட்டு வாழ்நாள் முழுக்கச் சிரித்தவள் நான். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிறேன் என்கிற ஒருவனிடமும் அவள் ஏற்கனவே அவனைக் கூட்டிப்போயிருந்தாள். அந்த ஆள் சுடலைமணியின் வயிற்றை அமுக்கி, தன் வாயிலிருந்து ஒரு முடியுருண்டையை வெளியே எடுத்துக் காட்டி அனுப்பியிருக்கிறான். ஏமாற்றுக்காரன். எங்கள் ஏமாற்றுக்காரனுடைய மருந்துதான் உண்மையிலேயே வேலை செய்தது.

வெளியே வந்து சுடலைமணியிடம் நேராகவே கேட்டேன். "உனக்கு இங்கே என்ன குறை?"

"ஒரு கொறையும் இல்ல மேடம். நல்லாப் பாத்துக்கிடுதாக. நல்ல குடும்பம்." வாசலைப் பார்த்தான். "லீவு எப்ப முடியுது?"

அதுதான் என்னை உலுக்கியது. அவன் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை. இழந்தவர்கள் அந்த வீட்டில் மற்ற இரண்டு பேர்.

"அதே மருந்த எங்க வீட்டுல வச்சு அடிச்சு விடுங்க," என்றாள் வேல்கனி. "நானும் பிள்ளையும் முன்னாடி நிக்கோம். அவுக எங்களப் பாத்தாப் போதும்."

சூளகிரி திரும்பி நிரஞ்சனைப் பிடித்தேன். தலையைச் சொறிந்தான். "வெளிய வேலை செய்யாது மேடம். பதிவு பண்ணின அரங்கத்துக்குள்ள மட்டும்தான் தெளிப்பான் திறக்கும். இல்லன்னா ஆளாளுக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவாங்கள்ல?"

"போகட்டுமே. வீட்டுக்கு எடுத்துப் போனால் என்ன குற்றம்?"

"எனக்கு என்ன மேடம் தெரியும்? நான் சம்பளக்காரன்." இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அப்புறம் குரலைத் தணித்தான். "ஆனா ஒண்ணு. அடுத்த அரங்கத்துக்கு மாறும்போது மறுபடி அடிப்போம். அப்ப அவங்க எதிர்ல நின்னா, முகமும் சேர்ந்து ஒட்டும். கை எட்டுற தூரம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மருந்து அவங்களுக்கு ஏறாது."

அடுத்த அரங்கம் சீக்கிரமே வந்தது. மாமலை சிமெண்ட் கம்பெனி அணியையே விலைக்குக் கேட்டது. ஏற்கனவே யானைக்குட்டியைப் பார்த்தால் கண் கலங்குகிற ஆட்டக்காரர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்? மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டி, அவர்கள் தங்கள் சிமெண்டிலேயே பிரம்மாண்டமாக ஓர் அரங்கம் கட்டி வைத்திருந்தார்கள். கோதண்டபாணி மட்டும் விற்க மாட்டேன் என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இது என் ஊருப்பா. என் ஊரை விட்டு என்னைத் துரத்துறீங்களே," என்றார். வாழ்க்கையில் அவர் முதல் தடவையாக மனதாரச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று மருமகன் வேறு டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டான். சூளகிரி அரங்கத்தை ரோஜா ஏற்றுமதி செய்கிறவர்கள் பூக்கிடங்காக எடுத்துக்கொண்டார்கள். கல்வித் தந்தை இன்றைக்கும் அங்கே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார், சந்தோஷமாக. ஆறு முதல்வர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்ப்பதில்லை என்று கேள்வி.

மரக்காணம் விழாவுக்குக் குடும்பத்தாரை விடச் சொல்லிப் பிரணவிடம் கேட்டேன். அவன் இப்போது சிமெண்ட் கம்பெனியின் ஆள். "டாக்டர், ஆட்டக்காரர் கண்ணு முன்னாடி இருக்கிற ஒவ்வொரு அடி இடமும் வித்தாச்சு. சோப்பு ஒரு பக்கம், நகைக்கடை ஒரு பக்கம். பொண்டாட்டிக்குன்னு இடம் ஒதுக்கினா, அந்த அம்மா என்ன பிராண்ட்?" என்று கேட்டுவிட்டு, நல்ல ஜோக் சொன்ன திருப்தியில் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குத்து விட்டிருக்க வேண்டும். விடவில்லை, எனக்கு வேறு யோசனை ஓடியது.

வாசலில் வரவேற்க ஆள் வேண்டும் அல்லவா? பட்டுப்புடவை கட்டி, பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் ஏந்தி நிற்கிற பெண்கள் இல்லாமல் தமிழ்நாட்டில் ஒரு பெட்டிக்கடைகூடத் திறப்பதில்லை. விழா ஏற்பாட்டுக்காரியிடம் வேல்கனியை என் சித்தி மகள் என்று சொல்லி, அந்த வரிசையில் சேர்த்துவிட்டேன். வரவேற்பு முடிந்ததும் அந்தப் பெண்கள் ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்துப்போய் வட்டத்தில் நிறுத்த வேண்டும். சுடலைமணியை அழைத்துப்போவது அவள் பொறுப்பு. தர்ஷிகாவைச் சேர்க்க வழி இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அரங்கத்துக்குள்ளேயே அனுமதி கிடையாது.

"மொத ஆளா என்னப் பாக்கட்டும்," என்றாள் வேல்கனி. "என்னப் பாத்துட்டா அப்புறம் பிள்ளைய நான் சேத்துக்கிடுவேன். தாய் இருந்தாத் தகப்பன் எங்க போவாக?"

"கை எட்டும் தூரம் தள்ளி நில். மறக்காதே."

"மறக்க மாட்டேன். பிள்ளைய நீங்க பாத்துக்கோங்க."

மஞ்சள் பட்டு, தலை நிறையப் பூ. மகளுக்கு முத்தம் கொடுத்தாள். "அம்மா உள்ள போயி அப்பாவக் கூட்டிட்டு வாரேன். டாக்டரம்மா கையப் பிடிச்சுக்கிட்டு நில்லு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளை சொன்னபடி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ரசிகர்கள் உள்ளே போனார்கள். சாரை சாரையாக, கூட்டம் கூட்டமாக. இலவச அனுமதி, இலவச பிரியாணி, இலவச யானைக்குட்டி பொம்மை. ஓசி என்றால் தகரக் கொட்டகைக்குள்ளும் வரிசையில் நிற்கிற ஜனங்கள். முண்டியடித்துக்கொண்டு போனார்கள். கதவுகள் மூடின.

அப்போதுதான் பார்த்தேன். நிரஞ்சன் வெளியே நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நீ இங்கே நின்றால் உள்ளே யார் மருந்து அடிக்கிறது?"

"யாரும் அடிக்க வேண்டாம் மேடம். இப்ப கைத்தெளிப்பான் எல்லாம் இல்ல. ஏசி குழாய்லயே கலந்து விட்டுருவோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்தான். "உங்களுக்குச் சொல்லலையா? பிரணவ் சார் ஐடியா. அவர் மாமனாரைப் பாத்து வந்ததாம். ஆட்டக்காரருக்கு மட்டும் எதுக்கு, ரசிகருக்கும் சேத்து ஒட்டிட்டா அரங்கம் என்னைக்கும் காலியாவே இருக்காதுன்னு. டிக்கெட் பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருக்கோம் மேடம். சட்டப்படி சரி."

நான் கதவுக்கு ஓடினேன். கண்ணாடியில் கையால் அடித்தேன். காவலாளிகள் இருவர் என்னைப் பிடித்து நிறுத்தி, உள்ளே நல்ல காரியம் நடக்கிறது, சத்தம் போடாதீங்க என்றார்கள். நான் கத்தின கத்தலில் தர்ஷிகா பயந்து அழ ஆரம்பித்தது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய? ஒட்டுகிற நேரம் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே மேளம் கேட்டது.

கதவு திறந்தபோது யாரும் வெளியே வரவில்லை. வர மனமில்லை. அங்கங்கே உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டு, பொம்மை யானைகளை மடியில் வைத்துக்கொண்டு, சொந்த வீட்டு முற்றத்தில் இருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சுடலைமணியும் வேல்கனியும் கைகோத்துக்கொண்டு வாசல்வரை வந்தார்கள். காற்று வாங்க வந்தார்களாம். அவன் அவள் காதோரம் ஏதோ சொல்ல, அவள் அவன் தோளில் தட்டிச் சிரித்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, மடத்தனமாக.

தர்ஷிகா என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடியது. அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிப் பிடித்தது.

வேல்கனி குனிந்தாள். பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள், கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். நல்ல மனுஷி, யார் பிள்ளை அழுதாலும் அப்படித்தான் செய்வாள். பேரும் தெரிந்தது, எல்லாமும் தெரிந்தது.

"தர்ஷிகாவா? வா பாப்பா, ஏன் அழுத? வெயில்ல வந்தியா?" என்றாள். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளிப் பிள்ளையிடம் எல்லோரும் கேட்பதைக் கேட்டாள்.

"எப்ப ஊருக்குப் போற?"

பிள்ளை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. அழுகையை நிறுத்திவிட்டது. புடவையை விட்டுவிட்டு ஓர் அடி பின்னால் வந்து, "இன்னைக்கே போயிருவேன்," என்றது.

"இருந்து சாப்பிட்டுட்டுப் போகலாம்லா," என்றாள் வேல்கனி, உபசாரமாக. சுடலைமணியும் ஆமாம் என்று தலையாட்டினான். இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரம் மரியாதைக்கு நின்றுவிட்டு உள்ளே போனார்கள்.